கண்ணாடிப் பேழையும் மூன்றாம் விதியும்

பல்கலைக்கழக நூலகமொன்றின் வாயிலைக் கடந்து உட்செல்லும் மாணவன் முதலிற் காண்பவை இரண்டு. ஒன்று, புதிதாக வந்த நூல்களின் பெயர்களைத் தாங்கிய அறிவித்தற் பலகை. மற்றையது, அறிஞர் ஒருவரின் நூற்றாண்டையோ ஒரு துறையின் வளர்ச்சியையோ முன்னிட்டு நூல்களை அடுக்கிவைத்த கண்ணாடிப் பேழை. இவ்விரண்டையும் தாண்டியே அவன் இரவல் வழங்கும் மேசையை அடைகிறான். பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லை. நூலகச் சேவை பற்றிப் பேசுவோரும் இவற்றை அலங்காரம் என்ற அளவிலேயே கணிப்பர். திறனாய்வு கவிதையை ஆராயும், நாவலை ஆராயும், சிலவேளை பாடத்திட்டத்தையும் ஆராயும்; அறிவித்தற் பலகையை ஆராய்வது தன் தகுதிக்குக் குறைவென்றே அது கருதிவந்துள்ளது. ஆனால், பல்லாயிரம் நூல்களுள் இருபதை எடுத்து வாசகனின் கண்முன் வைப்பவர் ஏனையவற்றை வையாது விடுகிறார். தேர்வு நிகழ்ந்த இடத்தில் மதிப்பீடும் நிகழ்ந்துவிடுகிறது. அம்மதிப்பீடு எந்த அடிப்படையில் நிகழ்கிறது என வினவுவது திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானதன்று.

இவ்வினாவைக் கோட்பாட்டு நிலையில் எழுப்புதற்கு வேண்டிய கருவி தமிழர் ஒருவரின் நூலிலேயே கிடைக்கின்றது. 1892இல் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித விரிவுரையாளராய் இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது நூலகராக நியமனம் பெற்றார். அப்பதவி முதலில் அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. வாசகர் நடமாட்டமற்ற மண்டபத்தில் வாளாவிருப்பதை விட வகுப்பறைக்கே திரும்பிவிடலாம் என்று அவர் விரும்பியமை பலரும் அறிந்த செய்தி. இலண்டனுக்குச் சென்று பேர்விக் சேயர்ஸ் என்பாரிடம் நூலகவியல் பயின்று, அங்குள்ள பல நூலகங்களின் நடைமுறைகளை நேரிற் கண்டு மீண்ட பின்னரே அவர் மனம் மாறிற்று. 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக, ஐந்து விதிகளை விளக்கும் அவரது ஆங்கில நூல் வெளிவந்தது. உலகெங்கும் நூலகவியல் மாணவர் இன்றும் அவ்விதிகளை மனனஞ் செய்கின்றனர். மனனஞ் செய்வதாலேயே நூல் வாசிக்கப்படாமற் போயிற்று எனலாம். ஐந்து சிறு வாக்கியங்களாகச் சுருங்கிய நிலையில் அவை சுவரில் எழுதிவைக்கும் பொன்மொழிகள் போலாகிவிட்டன.

நூலை நூலாக வாசிப்போருக்கு வேறொரு தோற்றம் புலனாகும். சில எடுகோள்களை முன்வைத்து, அவற்றிலிருந்து எஞ்சிய யாவற்றையும் வருவித்துக் காட்டும் கணிதவியலாரின் முறை அங்கே தொழிற்படுகின்றது. நூல் பயன்பாட்டுக்குரியது என்பதை ஒப்புக்கொண்டால், வெறுந்தரையில் நிற்கும் சராசரி உயரமுள்ள ஒருவரின் கைக்கு எட்டாத இறாக்கையை எவரும் அமைத்தல் கூடாது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டியதாகிறது. நூலகம் எவ்விடத்தில் அமையவேண்டும், எந்நேரம் திறந்திருக்கவேண்டும், எத்தகைய ஊழியர் அங்கிருக்கவேண்டும் என்பனவெல்லாம் அதே எடுகோளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. வரட்சியான பொருளென்று எண்ணத்தக்க இதனை அவர் நாடகப் பாங்கில் எழுதிச்செல்வது இன்னொரு சிறப்பு. விதிகள் ஆட்களைப் போல மேடையேறுகின்றன, வாதாடுகின்றன, தம்மை எதிர்ப்போரை மடக்குகின்றன. இவ்வுத்தி சில இடங்களில் அளவு கடந்துவிடுவதும் உண்மையே. கூறியது கூறலும் நூலில் நிறைய உண்டு. எனினும் நூலக நிருவாகம் பற்றிய நூலொன்றை ஒருவர் இலக்கிய ஆர்வத்தோடு படிக்கலாம் என்பதற்கு இதனிலும் வேறு சான்று காண்பது அரிது.

விதி என்னும் சொல்லே விவாதத்துக்குரியது. நீர் தாழ்விடம் நோக்கிப் பாயும் என்பது போன்ற இயற்கை நியதிகள் அல்ல இவை. இப்படி நடக்கிறது என்று அவை கூறுவதில்லை. இப்படி நடக்கவேண்டும் என்று கோருகின்றன. கோரிக்கைகளை விதிகள் எனப் பெயரிட்டமையால் அவற்றுக்கு ஒரு கண்டிப்புக் கிட்டியது; அதேவேளை, அவை நிறைவேறுதற்கு வேண்டிய சமூக நிலைமைகள் எவை என்னும் வினா பின்தள்ளப்பட்டது. இக்குறை பின்னர் எங்கே வெளிப்படுகிறது என்பதைக் காணலாம்.

முதலாம் விதியை விளக்கப் புகும் அரங்கநாதன், இடைக்கால ஐரோப்பிய நூலகங்களில் நூல்கள் இரும்புச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையை நினைவூட்டுகிறார். அரியனவும் விலையுயர்ந்தனவுமாய் இருந்தமையால் நூல்களைக் காப்பதே அன்று தலையாய கடமையாயிற்று. சங்கிலி அறுந்த பின்னரும் அதனைப் பூட்டிய மனம் அறுந்துபோகவில்லை என்பது அவர் கருத்து. மூன்றாம் விதி இதனினும் நுட்பமானது. வாசகர் நூலைத் தேடிவருவது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது அதன் சாரம். நூலுக்குக் காலில்லை, ஆகவே நூலகர் அதன் சார்பில் நடக்கவேண்டியவராகிறார். திறந்த இறாக்கை முறை, பகுப்பாக்கம், பட்டியலிற் குறுக்குப் பதிவுகள், உசாத்துணைச் சேவை, நூலகம் தன்னைப் பற்றி வெளியே செய்தி பரப்புதல், கண்காட்சி முதலிய விரிவுப் பணிகள் ஆகிய அனைத்துக்கும் அரங்கநாதன் இவ்விதியின் கீழேயே இடந்தருகிறார். வாயிலிலுள்ள பலகையும் பேழையும் அலங்காரங்கள் அல்ல, இறாக்கையில் உறங்கும் நூலின் உரிமைக்குரல்கள் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நூலகக் கண்காட்சியை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு தலைகாட்டுகின்றது. தமிழ்ப் பதிப்பு வரலாறு பற்றிய கண்காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு வெளிவந்தது 1887இல், உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது. இரண்டையும் அருகருகே வைப்பது நல்ல எண்ணம். ஆனால் கண்ணாடியின் கீழ் வைக்கப்படும் நூல் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். அது வழக்கமாக முகப்புப் பக்கமாகவே இருக்கும். நூலின் பெயர், பதிப்பாசிரியர் பெயர், அச்சகம், ஆண்டு என்பவற்றை வாசித்துவிட்டு மாணவன் அப்பாற் செல்கிறான். தாமோதரம்பிள்ளையின் பெருமையோ முகப்பில் இல்லை, பதிப்புரையில் இருக்கிறது. ஏடுகள் செல்லரித்து அழிவது கண்டு அவர் வருந்தியதும், பாடவேறுபாடுகளோடு போராடியதும், காலம் பற்றியும் மரபு பற்றியும் துணிந்து வாதித்ததும் அங்கேதான். அவருடைய முடிபுகளிற் சில இன்று ஏற்கத்தக்கனவல்ல. ஆயினும், நவீன தமிழாராய்ச்சி தன் குரலைக் கண்டுகொண்ட இடங்களுள் அப்பதிப்புரைகளும் அடங்கும். கண்ணாடி அவற்றை மறைத்துவிடுகிறது. நூலைக் காட்டுதற்கென வந்த பேழை, நூலை வாசிக்க முடியாத பொருளாக ஆக்கிவிடுகிறது. அரங்கநாதன் கண்டித்த சங்கிலி, ஒளி ஊடுருவும் வடிவில் மீண்டும் வந்துள்ளது என்றே கூறல் வேண்டும்.

நூற்றாண்டைக் கடந்த தாள் கைபடின் நொறுங்கும், காப்பு அவசியமே. அதை மறுப்பது பொறுப்பின்மையாகும். ஆனால் காப்பும் வாசிப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் 'தாமோதரம்' என்னும் தனித்தொகுப்பாகவும் வெளிவந்துள்ளன. அத்தொகுப்பு எந்த இறாக்கையில் உள்ளது என்ற ஒரு வரிக் குறிப்பைப் பேழையில் ஒட்டினால், பதிப்புரையின் சில பக்கங்களை நிழற்பிரதி எடுத்து அருகே வைத்தால், காட்சி வாசிப்பாகிவிடும். கண்காட்சியின் தரத்தை அளப்பதற்கு அதனைத் திறந்துவைத்தவரின் பதவி பயன்படாது. பேழையில் இருந்த நூல்களும் அவற்றோடு தொடர்புடைய நூல்களும் அடுத்த வாரங்களில் எத்தனை தடவை இரவல் பெறப்பட்டன என்பதை இரவற் பகுதியின் பதிவேடு காட்டும்.

புதுவரவுப் பட்டியலின் நிலையும் இத்தகையதே. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பகுப்பெண் என்ற மூன்றோடு அது நின்றுவிடுவதுண்டு. அந்நூல் எப்பொருளைப் பற்றி என்ன கூறுகிறது, முன்னர் வந்த எந்நூலோடு மாறுபடுகிறது, எந்தத் துறை மாணவருக்கு அது வேண்டியது என்பன பற்றி இரண்டு வாக்கியங்கள் இருந்தால் பட்டியல் செய்தியாகும். இல்லையேல் அது வெறுங் கணக்கு. இவ்விரண்டு வாக்கியங்களை எழுதுதற்கு நூலகர் அந்நூலை ஓரளவாவது வாசித்திருத்தல் வேண்டும்; அல்லது துறைசார் விரிவுரையாளர் உதவுதல் வேண்டும். நூல்களை வாங்குமாறு பரிந்துரைக்கும் விரிவுரையாளர், வந்த நூலைப் பற்றி மாணவருக்கு இரண்டு வரி எழுத முன்வராமை நூலகரின் குறையாகாது.

தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இன்னுமோர் இடையூறு உண்டு. மேலைநாட்டு விதிகளைத் தழுவிய பட்டியல்களில் தமிழ் நூற்பெயர்கள் உரோம எழுத்தில் ஒலிபெயர்த்துப் பதியப்படுதல் நெடுங்கால வழக்கம். ஒலிபெயர்ப்பு முறைப்படி எழுத்துக்களின் மேலும் கீழும் இடவேண்டிய குறிகள் தட்டச்சிலும் பின்னர் கணினியிலும் உதிர்ந்துபோயின. குறிகள் உதிர்ந்தபின் வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். சிறப்பு ழகரத்தைத் தன் அடையாளமாகப் பேசும் மொழியின் நூல்களை அதன் மாணவர் ழகரமற்ற பட்டியலில் தேடவேண்டியிருந்தது. தமிழெழுத்திலேயே பதிவு செய்யவும் தேடவும் கணினி இடந்தரும் இக்காலத்தில் அந்நிலைக்கு நியாயம் ஏதும் எஞ்சவில்லை.

பலகையையும் பேழையையும் கடந்து உள்ளே சென்றால், இறாக்கைகளின் ஒழுங்கும் ஒரு கண்காட்சியே என்பது புலப்படும். எந்த நூலுக்குப் பக்கத்தில் எந்த நூல் நிற்கிறது என்பது அறிவுலகம் பற்றிய ஒரு கூற்று. மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, 800 என்னும் இலக்கிய வகுப்பில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810ஐயும் ஆங்கில இலக்கியத்துக்கு 820ஐயும் முழுமையாக ஒதுக்குகின்றது. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தையுடைய தமிழுக்கு 894.811 என்ற இடம், ஏனைய மொழிகள் என்ற பொதுக் கொட்டகையின் ஒரு மூலையில், புள்ளிக்குப் பின்னே கிடைக்கிறது. சமயத்திலும் அவ்வாறே: 220 தொடக்கம் 280 வரையுள்ள எண்கள் கிறித்தவத்துக்கு உரியனவாயிருக்க, பௌத்தம் 294.3இலும் இந்து சமயம் 294.5இலும் நெருங்கி நிற்கின்றன. இதனைத் தனிமனிதர் ஒருவரின் காழ்ப்பு எனக் கொள்வது வரலாற்றுணர்வின்மையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நூற்றிரட்டு எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதற்கு உலகமும் தோன்றிற்று. ஆனால் அந்தக் கல்லூரியின் உலகப்படம் ஆசிய நாடுகளின் நூலகங்களிலும் விரிக்கப்படும்போது, அவ்விறாக்கைகளிடையே நடந்து பழகும் மாணவன் எது மையம், எது விளிம்பு என்பதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்கிறான்.

அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதற்கு எழுந்த மறுமொழிகளுள் ஒன்று. இலண்டன் கடையொன்றிற் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியின் துண்டுகளிலிருந்து அவருக்கு அதன் கருத்து உதித்ததாகக் கூறுவர். முன்கூட்டியே எண்களைப் பங்கிட்டு வைக்காமல், பொருளின் கூறுகளைத் துண்டுகளாகத் தந்து வேண்டியவாறு பூட்டிக்கொள்ள விடுவது அம்முறை. மூலநூலொன்றையும் அதன் உரைகளையும், உரைக்கு எழுந்த விளக்கங்களையும் அடுத்தடுத்து நிறுத்துதற்கு அதில் வழி உண்டு. தொல்காப்பியத்தை அடுத்து இளம்பூரணரும் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் வரிசையாக நிற்பதைக் காணும் மாணவன், உரைமரபு என்றால் என்ன என்பதை ஒரு விரிவுரையுமின்றியே உணரக்கூடும். எனினும் இம்முறையையும் கண்மூடிப் போற்றல் ஆகாது. இலக்கிய ஆசிரியரை அவர் பிறந்த ஆண்டு கொண்டு வரிசைப்படுத்தும் அதன் ஏற்பாடு, பிறந்த நூற்றாண்டே விவாதத்துக்குள்ளாகும் பழந்தமிழ்ப் புலவர் முன் திகைத்து நிற்கும். அதன் எண்களும் குறியீடுகளும் நூலின் முதுகில் எழுத முடியாத அளவுக்கு நீண்டுவிடுவதுண்டு. நடைமுறையில் தூயியே வென்றார்.

இவையெல்லாம் ஒழுங்குபடுத்தல் பற்றிய வினாக்கள். அவற்றினும் ஆழமான வினா ஒன்று உண்டு. விதி என்ற சொல் பின்தள்ளியதாக மேலே கூறப்பட்ட சமூக நிலைமை அங்கேதான் முன்வருகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கோரிக்கை. செல்வருக்கும் வறியவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், நகரத்தாருக்கும் நாட்டுப்புறத்தாருக்கும் அவர் அவ்வுரிமையை வற்புறுத்துவது அந்நூலின் மிக உயர்ந்த பகுதி. ஆனால் உரிய நூல் என்று ஒன்று எங்கோ இருக்கிறது, அதனைக் கொணர்ந்து சேர்த்தலே எஞ்சிய பணி என்ற நம்பிக்கை அவ்விதியின் அடியில் உள்ளது. வாசகரின் மொழியில் அந்நூல் எழுதப்படவேயில்லை என்றால் விதி என்ன செய்யும்? இந்திய மொழி நூல்களின் பற்றாக்குறையை அரங்கநாதன் அறியாதவரல்லர். ஆயினும் ஐந்து விதிகளுள் ஒன்றிலேனும் மொழிக்கு இடமில்லை. அவர் பணியாற்றிய சென்னைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திற் கற்பித்தது. அங்கு வந்த வாசகர் ஆங்கிலம் அறிந்தவராகவே வந்தனர். அச்சூழலில் இவ்வினா கூர்மை பெறாமற் போயிற்று.

இலங்கையில் அது கூர்மை பெற்றது. 1960ஆம் ஆண்டை அண்டிப் பல்கலைக்கழகக் கலைத்துறைகளிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. அதுவரை பல்கலைக்கழக வாசலை மிதித்திராத குடும்பங்களிலிருந்து மாணவர் வந்தனர். இம்மாற்றத்தின் நியாயத்தை ஐயுறுதற்கில்லை. ஆனால் விரிவுரை மண்டபத்தின் மொழி மாறிய வேகத்தில் நூலகத்தின் மொழி மாறவில்லை, மாறவும் இயலாது. 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் திரட்டிய நூல்களுட் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள். அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்புப் பாடநூல்களையும் வெளியிட்டது. அம்முயற்சி இன்று போதிய அளவு நினைக்கப்படுவதில்லை. அதன் நடை கரடுமுரடானது என்பதும் உண்மை. இருப்பினும் தேவைக்கும் இருப்புக்கும் இடையே இருந்த பள்ளம் நிரம்பவில்லை. அப்பள்ளத்தை நிரப்பியது விரிவுரைக் குறிப்பு. ஓர் ஆண்டின் மாணவர் எழுதிய குறிப்பு மறு ஆண்டாருக்குக் கைமாறியது, பிரதி செய்யப்பட்டது, பரீட்சைக்கு அதுவே போதுமானதாயிற்று. ஒருவரின் விரிவுரை மட்டுமே ஒரு துறையின் முழு அறிவாக நிற்கும் நிலை பல்கலைக்கழகக் கல்விக்கு நேரக்கூடிய பெருங்கேடு. அந்த மாணவன் பேழையைப் பாராது செல்வதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. பேழையில் இருப்பது தனக்குரியதன்று என்று அவன் முன்பே தீர்மானித்துவிட்டான்.

நூல்விவரத் தொகுப்புத் துறையிலும் இதே பிளவு தெரிகிறது. பேராதனையில் நூலகராய் விளங்கிய எச். ஏ. ஐ. குணத்திலக்க தொகுத்த இலங்கை பற்றிய நூல்விவரத் தொகுப்பின் முதலிரு தொகுதிகள் 1970இல் வெளிவந்தன. பல்கலைக்கழக நூலகர் ஒருவர் தம் நாட்டின் ஆய்வுலகுக்கு ஆற்றக்கூடிய சேவைக்கு அதனிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் அது மேலைமொழிகளில் வெளிவந்தவற்றுக்கென்றே வரையறுக்கப்பட்டது. எல்லையை அவர் தெளிவாக வகுத்துக்கொண்டார். அவ்வெல்லைக்குள் அவரது பணி முழுமையானது. எல்லைக்கு அப்பால் இருந்த தமிழ் நூல்களுக்கு அத்தகைய தொகுப்பு உடன் எழாமையே குறை. தனிநாயகம் அடிகள் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்ட தமிழியல் வழிகாட்டி நூலும் ஆங்கிலத்தில் அமைந்தது. பிறநாட்டு ஆய்வாளரை நோக்கியது. 1981இல் மே 31ஆம் திகதி இரவும் அதனை அடுத்தும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த பின்னர், எங்கே என்ன நூல் உள்ளது என்ற விவரம் உயிர்ப் பிரச்சினையாயிற்று. ஈழத்துத் தமிழ் நூல்களை ஆயிரம் ஆயிரமாகப் பதியும் 'நூல்தேட்டம்' தொகுதிகளை என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டு வந்ததும், நூலகம் என்னும் பெயரிலான எண்ணிமத் திரட்டு 2005இல் தொடங்கப்பெற்றதும் இப்பின்னணியில் வைத்து நோக்கற்பாலன. இவ்விரு முயற்சிகளும் பல்கலைக்கழகங்களின் திட்டங்களாகப் பிறக்கவில்லை என்பது பல்கலைக்கழகங்கள் எண்ணிப்பார்க்கவேண்டிய செய்தி.

இத்தகைய சூழலில் உசாத்துணைச் சேவையே மற்றெல்லாச் சேவைகளிலும் முக்கியமாகிறது. அரங்கநாதன் அதனை நூலகப் பணியின் உயிர்நாடியாகக் கருதியவர். தமிழில் வினா கேட்டு வரும் மாணவனை ஆங்கில நூலின் உரிய அதிகாரத்துக்கு அழைத்துச் செல்வதும், அவ்வதிகாரத்திலுள்ள கலைச்சொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களைக் கலைச்சொற்றொகுதியில் எடுத்துக் காட்டுவதும், அதே பொருள் பற்றித் தமிழில் ஏதேனும் பழைய சஞ்சிகையில் வந்த கட்டுரையை நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் எந்தப் பகுப்பெண்ணாலும் ஆகாத காரியங்கள். சஞ்சிகைக் கட்டுரைகளுக்குத் தமிழில் முறையான சுட்டி அருமையாய் உள்ளவரை, நூலகரின் நினைவே சுட்டி. அவர் ஓய்வுபெறும் நாளில் அச்சுட்டியும் நூலகத்தை விட்டுச் சென்றுவிடுகிறது. கேட்கப்பட்ட வினாவையும் கண்டெடுத்த விடையையும் ஓர் அட்டையில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தாலன்றி, அடுத்து வருபவர் முதலிலிருந்தே தொடங்கவேண்டியவராவார்.

அவ்வட்டைகளே அறிவித்தற் பலகைக்கும் பேழைக்கும் பொருள் தரத்தக்கவை. ஒரு தவணையில் மாணவர் எவற்றைத் தேடினர், எவை கிடைத்தன, எவை தமிழில் இல்லையென்று திருப்பப்பட்டன என்பது அவற்றிற் பதிந்திருக்கும். திருப்பப்பட்ட வினாக்களைப் பொருள்வாரியாகத் தொகுத்துப் பலகையில் இட்டால், எந்த நூல் மொழிபெயர்க்கப்பட வேண்டும், எந்தத் துறையில் தமிழில் ஓர் அறிமுக நூலாவது எழுதப்பட வேண்டும் என்பது விரிவுரையாளர் கண்ணில் நாள்தோறும் படும். புதுவரவுகளின் பட்டியலுக்கு அருகே அதற்கும் பலகையில் இடமுண்டு.